பேராக் தோட்டங்களில் பசியாறல்

மலேசியத் தமிழர் இருவர் காலைப்பொழுதில் எதிர்ப்பட்டால், நலம் வினவுமுன் வினவுவது 'பசியாறியாச்சா?' என்பதே. தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர்க்கு இவ்வினா சற்று வியப்பளிக்கும். அங்கே 'சாப்பிட்டாச்சா?' என்பர், 'டிபன் ஆயிற்றா?' என்பர். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் காலையுணவுக்குப் பெயரே பசியாறல். 'பசியாற வாருங்கள்' என்று ஒருவர் அழைத்தால் அது காலையுணவுக்கு அழைப்பு. நண்பகற் சோற்றுக்கு அச்சொல் வாராது.

2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், பராகுவே நாட்டின் அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் கலைச்செல்வங்களுள் ஒன்றாகத் தன் பட்டியலிற் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், இழுத்த தேநீர் ஆகிய மூன்றும் அதில் முதன்மை பெற்றன. மூன்றும் தகுதியுடையனவே, அதனை மறுப்பாரில்லை. ரொட்டி சானாயும் இழுத்த தேநீரும் தமிழ் முசுலிம்களின் கைத்திறத்தால் இந்நாட்டில் வேரூன்றியவை என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதுங்கூட. ('சானாய்' என்பது சென்னையின் திரிபு என்பாரும், மாவைத் தேய்த்துப் பரப்புதலைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பாரும் உளர். அம்மலாய்ச் சொல்லுக்குத் தீட்டுதல் என்னும் பொருளும் உண்டாகலின், தமிழ்ச் 'சாணை'யோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.) ஆயினும் இம்மூன்றும் கடையிற் கிடைப்பவை. காசு கொடுத்து வாங்குவோர் பலராதலின் பெயர் பெற்றவை. மூன்று நான்கு தலைமுறைக் காலம் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் பல்லாயிரவர் உண்ட காலையுணவு எந்தக் கடையிலும் விற்கப்பட்டதன்று. ஆகவே அது பட்டியல்களுக்கும் எட்டாது. அவ்வுணவின் வரலாறு உழைப்பின் வரலாறாகவும், ஓரளவு மருத்துவ வரலாறாகவும் இருத்தலின், தமிழாசிரியர் அறிந்திருக்கத் தக்கது.

முதற்கண் சொல்லைக் காண்போம். ஆறுதல் என்பது வெப்பம் தணிதல். பால் ஆறும்; சினம் ஆறும்; புண்ணும் ஆறும். பசியை வயிற்றில் எரியும் தீயாகவும், உடலைப் பற்றிய பிணியாகவும் கண்டவர் நம் முன்னோர். பசிப்பிணி என்னும் தொடர் மணிமேகலையைப் படித்த எவருக்கும் புதிதன்று. தீயாயின் தணிய வேண்டும்; பிணியாயின் ஆற வேண்டும். இரண்டுக்கும் பொருந்த அமைந்தது பசியாறுதல் என்னும் வினை. தமிழகக் கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முசுலிம்களிடையே இச்சொல் காலையுணவைக் குறித்து இன்றும் வழங்குகின்றது. பினாங்கு வழியாகப் பேராக்கிற்குள் வந்த வணிகரிடமிருந்து தோட்டத்தார் இதனைப் பெற்றனரோ, அன்றி இரு சாராரும் பழந்தமிழ் வழக்கொன்றைத் தனித்தனியே காத்து வந்தனரோ என்பது ஆராயற்பாலது. எவ்வாறாயினும் தோட்டத்தில் இச்சொல்லுக்கு ஒரு தனிப்பொருத்தம் உண்டாயிற்று. அதற்குக் காரணம் இரப்பர் மரம். அதனைப் பின்னர்க் காண்போம்.

தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த காலையுணவு பழஞ்சோறு. இராமுழுதும் நீரில் ஊறிய சோறும், அதன் நீராகாரமும், கடித்துக்கொள்ள வெங்காயம், மிளகாய் அல்லது சுட்ட கருவாடும் அதன் முழு விரிவு. இதன் தொன்மை பெரிது. பெரும்பாணாற்றுப்படையில், உழைத்துக் கறுத்த கைகளையுடைய வினைஞரின் பிள்ளைகள் பழஞ்சோற்றை உண்டு உண்டு வெறுத்து, அவலிடிக்கும் காட்சி ஒன்று வருகின்றது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பழஞ்சோற்றைக் கண்டு முகஞ்சுளித்தனர் என்பது அறிய இன்பமாக இருக்கின்றது. தோட்டத்துப் பிள்ளைகளும் அவ்வாறே சுளித்தனர். ஆனால் அவல் இடிக்கத்தான் அவர்கட்கு நெல் இல்லை.

அச்சோறு புழுங்கலரிசிச் சோறு. இஃது ஒரு சிறு செய்திபோல் தோன்றும். ஆனால் உலக மருத்துவ வரலாற்றில் இதற்கு ஓர் இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் வீங்கி, நடை தளர்ந்து, இறுதியில் நெஞ்சு செயலற்று மாள்வர். கிந்தாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் இதற்குப் பெருமளவில் இரையாயினர். அவர்களைப்போன்றே வறியராய், அவர்களைப்போன்றே நெருக்கமான கொட்டில்களில் வாழ்ந்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் என்பார் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கி, 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்பது அவித்துக் காயவைத்துக் குற்றிய புழுங்கலரிசி. நோயின் வேர் இங்கேதான் உள்ளது என்பது அவர் கொள்கை. காரணத்தை அவர் சரியாகக் காணவில்லை. பச்சரிசியில் நஞ்சு உண்டாகின்றது என்று அவர் எண்ணினார். ஆனால் கண்ட வேறுபாடு உண்மையானது.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர், நோயாளரை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாரார்க்குப் பச்சரிசியும் மற்றொரு சாரார்க்குப் புழுங்கலரிசியும் ஓராண்டுக்காலம் அளித்துப் பார்த்தார். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர். பச்சரிசி உண்டவருள் பலர் நோயுற, 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் மாண்டார் ஒருவருமிலர். (இத்தகைய ஆய்வை இக்காலத்தில் எந்த மருத்துவமனையும் ஒப்பாது. தம் விருப்பம் சொல்ல இயலாதவர்கள் தட்டில் இடப்பட்டதை உண்டு மாண்டனர் என்பதையும் அவ்வெண்ணிக்கையோடு சேர்த்தே நினைத்தல் வேண்டும்.) 1909ஆம் ஆண்டளவில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் சாலை வேலை செய்த சாவகத் தொழிலாளரிடையே மீண்டும் இதனை ஆராய்ந்து, குறை பச்சரிசியின் நஞ்சிலன்று, தீட்டும்போது நீங்கிவிடும் ஏதோ ஒரு பொருளின் இன்மையிலேதான் என்று நாட்டினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் ஊடுருவி நின்றுவிடுகின்றது. தயமின் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அவ்வுயிர்ச்சத்தை 1926இல் பத்தாவியாவில் தனியே பிரித்தெடுத்தனர். தஞ்சைப் பெண்டிர் நெல்லவித்தது சத்தைக் காக்க வேண்டுமென்று அறிந்தன்று. அரிசி நொறுங்காமல் குற்றவும், நெடுநாள் கெடாமல் வைக்கவும் அது வழியாயிருந்தது. அறியாமற் செய்த அவ்வழக்கம் கடல் கடந்து வந்து பல உயிர்களைக் காத்தது. இதனால் தோட்டத் தமிழர் நலமாக வாழ்ந்தனர் என்று எவரும் கொள்ள வேண்டா. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுபோயின. பெரிபெரி ஒன்றிலிருந்து மட்டும் அரிசி காத்தது.

இனிக் காப்பி. தோட்டத்து வழக்கில் கோப்பி. மலாய் மொழியின் 'கோப்பி' நாவிற் படிந்தமையால் வந்த வடிவம் இது. பேராக்கில் தமிழர் காப்பியைக் குடிக்கும் பொருளாக அறியுமுன் பயிராக அறிந்தனர் என்பது பலரும் மறந்த செய்தி. இலங்கையின் மலைநாட்டில் 1869இல் காப்பியிலையில் ஒரு செம்பூஞ்சை நோய் தோன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்தது. கையிழந்த வெள்ளைத் தோட்டக்காரருள் சிலர் மலாயாவுக்கு வந்தனர். சமவெளி வெப்பத்தைத் தாங்கும் லைபீரியக் காப்பியைச் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் பேராக்கிலும் பயிரிட்டனர். காடழித்துக் குழிவெட்டி நட்டவர் பெரும்பாலும் தமிழர். பேராக்கின் வடமேற்கே கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்களிலும் அக்காலத்தில் ஒப்பந்தத் தமிழரே உழைத்தனர். ஆகவே காப்பியும் சருக்கரையுமாகிய இரண்டும் அவர் கையால் விளைந்தன, விளைந்து கப்பலேறின.

1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையை நிரப்ப, விலை வீழ்ந்தது. இலையைத் தின்னும் புழுவும் சேர்ந்துகொண்டது. அந்நேரத்திற்கென்றே காத்திருந்ததுபோல் இரப்பர் வந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ஆங்கில ஆளுநராய் அவ்வாண்டில் பொறுப்பேற்ற ஹியூ லோ அவற்றைப் பேணினார். அவற்றுள் எஞ்சிய ஒரு மரத்தை இன்றும் கோலகங்சாரில் காட்டுவர். இருபது ஆண்டுகள் எவரும் பெரிதாய்ப் பொருட்படுத்தாத அம்மரத்தை, மரம் கெடாமல் வெட்டிப் பாலெடுக்கும் முறையைக் கண்ட சிங்கப்பூர்ப் பூங்காத் தலைவர் ரிட்லி ஊரூராய்ப் பரப்பினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வாணிகமாக இதனைப் பயிரிட்டார். 1910ஆம் ஆண்டின் விலையேற்றத்திற்குப் பின் காப்பிச் செடி இருந்த இடத்தை நினைப்பாரில்லை.

பயிர் போயிற்று, பானம் நின்றது. சிறு நிலங்களில் மலாய்க்காரரும் சாவகரும் தொடர்ந்து பயிரிட்ட காப்பியைச் சீனக் கடைக்காரர் சருக்கரை சேர்த்து வறுத்துக் கரிய தூளாக்கி மலிவாக விற்றனர். கொதித்த நீரையன்றி வேறு நீரைக் குடித்தல் அச்சந்தரும் இடங்களில், கொதிக்கவைத்த பானம் ஒன்று பழக்கமானதும் இயல்பே. பாலில்லாத இக்காப்பியைக் கடுங்காப்பி என்றும், சீனர் வழக்கைத் தழுவிக் 'கோப்பி ஓ' என்றும் கூறுவர். 'ஓ' என்பது ஹொக்கியன் சீனத்தில் கருமையைக் குறிக்கும் சொல்.

இங்கே தமிழகத்தோடு ஓர் ஒப்பீடு பயன்தரும். தமிழகத்தில் காப்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரத்து நடுத்தர மக்களின் பானமாகப் புகுந்தது. நீராகாரத்தைத் தள்ளிவிட்டு அது வந்தமைக்குப் பெரியோர் பலர் வருந்திப் பேசினர். ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இவ்வரலாற்றைச் சுவைபட எழுதியிருக்கின்றார். பசும்பாலும் வடிகட்டிய முதற்சாறும் அங்கே மதிப்பின் அடையாளம். உழைப்பாளர்க்கு உரியது தேநீர் என்னும் நிலையும் பின்னர் ஏற்பட்டது. பேராக் தோட்டத்திலோ முறை தலைகீழ். காப்பி, ஆம், கடுங்காப்பியே கூலித் தொழிலாளியின் பானம். தேநீரோ, 1929இல் தொடங்கிய போ நிறுவனத்தைப் போன்றவை கேமரன் மலையிற் பயிரிட்ட பின்னரே இந்நாட்டு விளைபொருளாகப் பெருகியது. அம்மலைக்குத் தாப்பாவிலிருந்து சாலையேறிச் சென்று கொழுந்து கிள்ளியவரும் தமிழரே.

காப்பி வந்தும் பழஞ்சோறு விலகவில்லை. விலகாததற்குக் காரணம் இரப்பர் மரம் வகுத்த நேரம்.

இரப்பர் மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பாற்குழாய்கள் உள்ளன. இரவில் மரம் நீரை நிரம்ப உறிஞ்சி வைத்திருக்கும். குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். ஞாயிறு ஏறி இலைகள் வழியே நீர் ஆவியாகத் தொடங்கினால் அழுத்தம் குறையும். வெட்டினாலும் பால் மெல்லவே கசியும். எனவே விடியற்காலையிலேயே வெட்டியாதல் வேண்டும். வெட்டிய வாயில் பால் இரண்டு மூன்று மணிநேரம் சொட்டிப் பின் உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். இவ்விரண்டு செய்திகளும் ஒரு தலைமுறையின் நாளையே வகுத்தன.

மூன்றரை நான்கு மணிக்கு லயத்து வீடுகளில் அடுப்பெரியும். எழுபவள் பெரும்பாலும் பெண். அவளும் பால்வெட்டுக்குச் செல்பவளே. கணவர்க்கும் தனக்கும் கடுங்காப்பி காய்ச்சி, எஞ்சியதைப் புட்டியில் ஊற்றிக் காகிதத்தைச் சுருட்டி அடைப்பாள். தூக்குச் சட்டியிற் பழஞ்சோறோ, கோதுமை மாவில் தட்டிய கனத்த ரொட்டியோ இருக்கும். தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்து ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவாள். (பிரட்டு என்பது படையணி வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு, கங்காணியும் கிராணியும் பெயர்கூப்பிட்டு ஆளெண்ணும் இடம்.) வெறுங்காப்பி ஒரு குவளை மட்டுமே வயிற்றில் இருக்க, நெற்றி விளக்கின் ஒளியில் முந்நூறு நானூறு மரங்களை வெட்டி முடிக்கையில் மணி ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். இப்போது பால் சொட்டிக்கொண்டிருக்கின்றது. உடனே எடுத்தல் கூடாது. எங்கும் போகவும் இயலாது. மரம் தரும் அவ்விடைவேளையில் நிரையோரத்து நிழலில் அமர்ந்து தூக்கைத் திறப்பர். அதுவே பசியாறல். விடியுமுன் குடித்த காப்பிக்கு அப்பெயர் இல்லை. அது வெறும் 'கோப்பித்தண்ணி'. ஐந்தாறு மணிநேரம் உழைத்த பின் எரிகின்ற வயிற்றை ஆற்றுவதே பசியாறல். சொல்லுக்குக் காடு கொடுத்த பொருத்தம் இது. பின்னர் வாளி எடுத்துப் பாலைச் சேர்த்துக் காண்டாவில் சுமந்து ஆலைக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். பழஞ்சோறு கெடாமல் குளிர்ந்திருந்து, வெயிலில் இழந்த நீரையும் உப்பையும் திருப்பித் தந்தது. ஆகவே அது வறுமையால் மட்டும் நிலைத்ததன்று. வேலைக்குப் பொருந்தியதாலும் நிலைத்தது.

மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை. அன்று பசியாறல் வீட்டிலேயே. தோட்டத்துப் பிள்ளைகள் மழையை விரும்பினர்; தாய்மார் வெறுத்தனர். 1930இல் உலகச் சந்தை சரிந்தபோது ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 ஆகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 ஆகவும் குறைக்கப்பட்டன. எத்தனையோ பேர் கப்பலேற்றித் தமிழகத்திற்கே திருப்பியனுப்பப்பட்டனர். நாளொன்றுக்கு எட்டுக் காசு என்பது ஏட்டில் சிறு எண். அடுப்படியில் அது கருவாடும் வெங்காயமும்.

காலைப் பானத்தைக் கொண்டு மேல்கீழ் காட்டுதல் தமிழர்க்கோ மலாயாவுக்கோ மட்டும் உரியதன்று. தென்சீனக் கடலுக்கு அப்பால் பிலிப்பீன் தீவுகளில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. மெக்சிகோவின் அகபுல்கோ துறைக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஆண்டுதோறும் ஓடிய ஸ்பானியக் கப்பல்கள், 1670ஆம் ஆண்டளவில் கொக்கோச் செடியை அத்தீவுகளுக்குக் கொண்டுவந்தன. ஆசியாவில் கொக்கோ வேர்கொண்ட வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது. அத்தீவினர் கொக்கோ விதையை வறுத்து அரைத்து 'தாப்ளேயா' என்னும் வில்லைகளாகத் தட்டிக் காயவைப்பர். காலையில் அதனைக் கொதிநீரிலிட்டு, பல் வெட்டிய மரமத்தொன்றை இரு கைகளுக்கிடையே உருட்டி நுரைவரக் கடைவர். நம் மோர் மத்தை நினைவூட்டும் அம்மத்திற்குப் 'பத்திரோல்' என்று பெயர். பனையோலையிலோ வாழையிலையிலோ பொதிந்து அவித்த பசையரிசிச் சோறு அதனோடு சேரும். பசையரிசியையே கொக்கோவிற் கஞ்சியாகக் காய்ச்சி, 'சம்பொராதோ' என்னும் பெயரால் உண்பதும் உண்டு. அதற்குத் தொடுகறி யாதெனின், பொரித்த கருவாடு! இனிப்புக் கஞ்சிக்குக் கருவாடா என்று மூக்கைச் சுளிப்பவர், பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும் உண்ட பேராக் பாட்டிமாரைக் கேட்டறிக. கஞ்சிக்கு உப்பும் மணமும் வேண்டும் என்பதில் இரு கடற்கரையினரும் ஒத்த கருத்தினர்.

பிலிப்பீன் மக்களின் தலைசிறந்த எழுத்தாளரும் தியாகியுமான ஹோசே ரிசால், 1887இல் பெர்லினில் வெளியிட்ட 'நோலி மே தாங்கெரே' என்னும் புதினத்தில் ஒரு செய்தி வருகின்றது. பாதிரியார் ஒருவர் தம்மைக் காண வருவோர்க்குச் சாக்லேட்டு அளிப்பார். பணியாளனை அழைத்துச் சொல்லும்போது சொல்லின் இறுதியில் 'ஏ' என்று ஒலித்தால் கெட்டியானது. 'ஆ' என்று ஒலித்தால் நீர்த்தது. வந்தவரின் மதிப்பு அவ்வோரெழுத்தில் அடங்கிற்று. விருந்தினர் அறியார், பணியாளன் அறிவான்.

தோட்டத்தில் இத்தகைய மறைமொழி தேவைப்படவில்லை. துரை பங்களாவில் தேநீரும், கிராணி வீட்டில் பால் காப்பியும், லயத்தில் கடுங்காப்பியும் என்பது எல்லாரும் அறிந்த ஒழுங்கு. தொழிலாளருள் பலர் மாடு வைத்திருந்தனர். கறந்த பால் கிராணி வீடுகளுக்கும் பட்டணத்துக்கும் விலையாகிப் போயிற்று. 'பால்' என்னும் சொல்லே தோட்டத்தில் முதற்கண் இரப்பர்ப் பாலைக் குறித்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பால்வெட்டு, பால்வாளி, பால்நிறுத்தல் என எங்கும் பால். குழந்தையின் குவளையில் மட்டும் காண்பதரிது. வெறுங்காப்பியோடு பள்ளிக்கு வந்து, பத்து மணிக்குள் மேசைமேல் தலைசாயும் பிள்ளையைத் தோட்டப் பள்ளியில் கற்பித்த எந்த ஆசிரியரும் மறந்திரார். அப்பிள்ளைக்கு மந்தபுத்தி என்று எழுதிய அறிக்கைகளும் உண்டு. அவன் பசியாறவில்லை என்பதே உண்மை.

இவ்விடத்தில் ஈப்போ நகரைச் சற்றுப் பார்த்துவரலாம். காப்பியால் இன்று உலகறிந்த ஊர் அது. கிந்தாவின் ஈயம் செழித்த காலத்தில் கிந்தா ஆற்றங்கரையில் வளர்ந்த பழைய நகர்ப்பகுதியில், ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர் காப்பிக் கடைகள் வைத்தனர். சின் யூன் லூங் என்னும் கடை 1937இலும், நாம் ஹியோங் என்னும் கடை 1958இலும் தோன்றியவை. 'வெள்ளைக் காப்பி' என்னும் பெயரைக் கேட்டுப் பால் மிகுந்த காப்பி என்று கருதுவோர் பலர். அஃதன்று. கரிய காப்பித்தூளுக்கு விதையைச் சருக்கரையோடும் கொழுப்போடும் கருக வறுப்பர். வெள்ளைக் காப்பிக்குச் சருக்கரை சேராமல், மார்ஜரின் கொழுப்பு மட்டும் இட்டு இளவறுப்பாக வறுப்பர். வெள்ளை என்றது கலப்பின்மையை. டப்பாப் பால் அதன்மேல் வருவது. அக்கடைகளுக்குத் தோட்டத்தார் சம்பள நாளில் பட்டணம் வரும்போது சென்றிருக்கலாம். அன்றாடம் அவர் குடித்தது அக்காப்பியன்று. 'ஈப்போ காப்பி' என்று உலகம் புகழ்வதும், ஈப்போவைச் சூழ்ந்த தோட்டங்கள் குடித்ததும் வெவ்வேறு என்பதைப் பயணநூல் எழுதுவோர் அறிந்தாரில்லை.

1941 திசம்பர் இறுதியில் சப்பானியர் ஈப்போவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளியும் சருக்கரைவள்ளியுமே காலையும் மாலையும். ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவில்லை. அக்காலத்தைக் கண்ட முதியோர் சிலர் பின்னர் வாழ்நாள் முழுதும் மரவள்ளிக் கிழங்கைத் தொடாமலே மறைந்தனர்.

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசிய சங்கமாயின. கூலி ஓரளவு உயர்ந்தது. மிதிவண்டியிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் ரொட்டிக்காரர் லயங்களுக்கு வந்தார். சதுர உப்பு பிஸ்கட்டைக் கடுங்காப்பியில் தோய்த்துண்ணுதல் பிள்ளைகளின் பசியாறல் ஆயிற்று. ஆஸ்திரேலியாவில் 1934இல் உருவான மைலோ மாவு, 1950இல் மலாயாவுக்கு வந்தது. முளைகட்டிய தானியமும் கொக்கோவும் சேர்ந்த அம்மாவின் பச்சை டப்பா, நோயுற்ற பிள்ளைக்கும் தேர்வெழுதும் பிள்ளைக்குமுரிய அருமருந்தாகப் பலகைமேல் ஏறி அமர்ந்தது. கொக்கோவைத் தோட்டத் தமிழர் நாவில் அறிந்தது பெரும்பாலும் அதன் வழியாகத்தான்.

காப்பிக்கு நேர்ந்ததே கொக்கோவுக்கும் நேர்ந்தது என்பது வியப்பு. மலாக்காவில் 1778இலேயே கொக்கோ நட்டதாகச் செய்தி உண்டெனினும், பெரும்பயிராக அது வந்தது 1950களுக்குப் பின்னர்தான். கீழ்ப்பேராக்கில், பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோப்புகளின் நிழலில் ஊடுபயிராக அது பரவியது. காய்களை உடைத்து, வெண்சதை ஒட்டிய விதைகளைப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தியவருள் தமிழர் பலர். 1990இல் மலேசியாவின் கொக்கோ விளைச்சல் ஏறக்குறைய 2,47,000 டன்னை எட்டி உச்சம் தொட்டது. பின் காய்துளைப்பான் என்னும் புழுவும் விலைவீழ்ச்சியும் சேர்ந்து அதனையும் சாய்த்தன. பிலிப்பீன் குடியானவர் தம் கொல்லைக் கொக்கோவை வறுத்துத் தாமே குடித்தனர். பேராக்கில் விளைந்த கொக்கோ மூட்டையாய்ப் போயிற்று. திரும்பி வந்தபோது டப்பாவில் விலையோடு வந்தது. இரு நாட்டுக் காலை உணவுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுவே. அங்கே பயிர் குடியானவனுடைய நிலத்தில் நின்றது. இங்கே நிலம் பிறருடையது.

1980களிலும் 1990களிலும் இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கு விலையாயின. லயங்கள் இடிந்தன, மக்கள் புந்தோங்கிற்கும் பிற நகர்ப்புறங்களுக்கும் குடிபெயர்ந்தனர். செம்பனைக் குலை வெட்டுவதற்கு இருட்டில் எழ வேண்டியதில்லை. பால் சொட்டும் இடைவேளையும் அதற்கில்லை. பசியாறலுக்கு நேரம் வகுத்த மரம் போய்விட்டது. காலையில் ரொட்டி சானாயோ, புத்து மாயம் என்று இந்நாட்டார் பெயரிட்ட இடியாப்பமோ வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வேலைக்கு விரையும் இக்காலத்தாரும் அதனைப் பசியாறல் என்றே கூறுகின்றனர்.

லயத்தில் வாழ்ந்த தலைமுறையார் இன்று எழுபது கடந்தோர். அடுக்கு வீடுகளில் மக்களோடு வாழும் அவர்களுள் பலர் வேலை ஏதுமின்றியும் நான்கு மணிக்கே விழித்துக்கொள்கின்றனர். பிறர் உறக்கம் கெடாதபடி ஒரு குவளைக் கடுங்காப்பி வைத்துக்கொண்டு வாயிற்படியில் அமர்கின்றனர். மருமகள் ஏழு மணிக்கு உணவெடுத்து வைத்தால், 'இரு, பிறகு பசியாறுகிறேன்' என்று சொல்லி, ஒன்பதரை மணிக்கே தட்டருகே வருகின்றனர்.